லாரி டயர் வெடிச்சா பிரேக் போடலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல லாரி பிரேக் பத்தி எழுதினதுல இருந்து வர்ற மெசேஜ்ல பாதிக்கு மேல டயர் பத்தின கேள்விதான், அதனால இந்த தடவை பக்கம் முழுக்க அதுக்கே. டர்பன் துறைமுகத்துல இருந்து ஜோஹன்னஸ்பர்க் வரைக்கும் என்3 ரோட்டுல நம்ம வீட்டுப் பிள்ளைங்க எத்தனையோ பேர் ஸ்டியரிங் பிடிக்கிறாங்க, அவங்க வீட்டுல இருக்கிறவங்களும் இதைத் தெரிஞ்சிக்கிறது நல்லது.

அண்ணா, என் வீட்டுக்காரர் இன்டர்லிங்க் (ரெண்டு ட்ரெய்லர் இழுக்கிற லாரி) ஓட்டுறார். ராத்திரி மூய் ரிவர் தாண்டிப் போறப்ப முன்பக்கம் இடது டயர் வெடிச்சிருச்சாம். அவர் பிரேக்கைத் தொடவே இல்லையாம், ஆக்சிலரேட்டரை மிதிச்சாராம். வண்டி நேரா ஓடி மெதுவா ஓரம் வந்து நின்னுச்சு, அவருக்கு ஒண்ணும் ஆகல. ஆனா என் தம்பி, இது பைத்தியக்காரத்தனம், உடனே பிரேக் போட்டிருக்கணும்னு சண்டை போடுறான். யார் சொல்றது சரி? (ஒரு வாசகி, ஷால்கிராஸ்)

தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் செஞ்சதுதான் சரி. அந்த நேரத்துல அதைச் செய்யறதுக்கு மனசுல பெரிய தைரியம் வேணும், ஏன்னா நம்ம கால் தானா போறது பிரேக்குக்குத்தான், உங்க தம்பி சொல்றது எல்லாருக்கும் தோணுறதுதான். அவர்கிட்ட பொறுமையா இதைச் சொல்லுங்க.

டயர்ல காத்து இருக்கிற வரைக்கும் அது லேசா உருளும். காத்து போன அடுத்த நொடி அது உருளாம ரோட்டைத் தேய்ச்சு இழுக்க ஆரம்பிக்கும், அந்த இழுப்பு முன்ன இருந்ததைவிடப் பல மடங்கு. இடது முன் டயர் போனா வண்டியோட மூக்கு இடது பக்கம் இழுபடும், அந்த மூலை கீழ இறங்கிடும், ஸ்டியரிங் கையில இருந்து பிடுங்கிட்டுப் போகப் பார்க்கும். 80 கிலோமீட்டர் வேகம்னா ஒரு நொடிக்கு 22 மீட்டர், நம்ம நாட்டு இன்டர்லிங்க் நீளமே அதிகபட்சம் 22 மீட்டர்தான், அதாவது 'என்னாச்சு'ன்னு யோசிக்கிற ஒரு நொடியில வண்டி தன் முழு நீளத்தைத் தாண்டிப் போயிருக்கும்.

இந்த நேரத்துல பிரேக் போட்டா மூணு கெடுதல் ஒண்ணா வரும். பிரேக் போட்டா வண்டியோட எடை முன்னாடி சாயும், சாயுறது எங்கன்னா காத்தே இல்லாத அந்த சக்கரத்து மேலதான், இழுப்பு இன்னும் கூடும். ரெண்டாவது, வலது முன் டயர் ரோட்டை நல்லா பிடிச்சு பிரேக் பிடிக்கும், வெடிச்ச டயர் ரிம்ல நழுவும், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, அதனால மூக்கு எந்தப் பக்கம் திரும்பும்னு யாராலயும் சொல்ல முடியாது. மூணாவது ரொம்ப மோசம். மூக்கு கோணலா இருக்கிறப்ப ஹார்ஸ், அதாவது இன்ஜின் இருக்கிற முன் வண்டி, வேகம் குறைஞ்சா பின்னாடி வர்ற ரெண்டு ட்ரெய்லரும் லோடோட அதைத் தள்ளும், டிரைவ் ஆக்சில் (இன்ஜின் சுத்துற பின் ஆக்சில்) வீல் லாக் ஆச்சுன்னா ஹார்ஸ் மடங்கி ட்ரெய்லர் பக்கமாவே திரும்பிடும், ஜாக்நைஃப்னு சொல்றது அதைத்தான். 56 டன் வரைக்கும் அனுமதி இருக்கிற வண்டி அது, மடங்க ஆரம்பிச்சா நிறுத்தறதுக்கு ஒண்ணும் இல்ல.

ஆக்சிலரேட்டரை மிதிச்சா இதுல எதுவும் நடக்காது. பின் சக்கரம் ஹார்ஸை நேரா முன்னாடி தள்ளும், அந்தத் தள்ளு வெடிச்ச டயரோட இழுப்பை ஈடு கட்டும், ட்ரெய்லர் ரெண்டும் பின்னாடி இழுபட்டு நேரா வரும், எடையும் முன்னாடி சாயாது. வேகத்தைக் கூட்டுறது நோக்கம் இல்ல, இருக்கிற வேகத்தைச் சில நொடி விடாம வச்சிருக்கிறதுதான். அந்தச் சில நொடியில ரெண்டு கையாலயும் ஸ்டியரிங்கை உறுதியாப் பிடிச்சு வண்டியை லேன்ல நேரா வச்சிட்டு, அப்புறம் காலை மெதுவா எடுத்து, வேகம் தானா இறங்க விட்டு, நடக்கிற வேகத்துக்குக் கிட்ட வந்ததும் லேசா பிரேக். டயர் கம்பெனிங்க லாரி டிரைவருக்குக் கொடுக்கிற பயிற்சியிலயும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாங்க.

இதுல ஒண்ணு அவர்கிட்ட கட்டாயம் கேளுங்க: எக்ஸாஸ்ட் பிரேக், ரிடார்டர் (கால் பிரேக் இல்லாமலே வண்டி வேகத்தைக் குறைக்கிறது) எதுல செட் பண்ணி வச்சிருக்கார்? இப்ப வர்ற வண்டிங்க பலதுல ஆக்சிலரேட்டரை விட்ட உடனே அது தானா வேலை செய்யும்படி வச்சிடலாம். அப்படி இருந்தா பிரேக்கைத் தொடாமலே பிரேக் போட்ட மாதிரிதான், அதுவும் டிரைவ் ஆக்சில்ல மட்டும். டயர் வெடிச்சா காலைப் படக்குனு எடுக்கக் கூடாதுங்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

சார், நான் கோட் 14 (ட்ரெய்லர் இழுக்கிற பெரிய லாரி) லைசென்ஸுக்குப் படிக்கிறேன். எல்லா டயரும் வெடிச்சா ஒரே மாதிரிதானா? இன்ஸ்ட்ரக்டர் முன் டயர் பத்தி மட்டும்தான் பேசுறார். (ஃபீனிக்ஸ் வாசகர்)

ஒரே மாதிரி இல்ல தம்பி. ஏழு ஆக்சில் இன்டர்லிங்க்ல 26 டயர், அதுல ரெண்டு மட்டும்தான் ஸ்டியரிங் டயர், அதனாலதான் உங்க இன்ஸ்ட்ரக்டர் அதையே பேசுறார். அந்த ரெண்டும் தனித்தனியா சுமக்குது, பக்கத்துல துணை டயர் கிடையாது. ஸ்டியரிங் ஆக்சில்ல சட்டப்படி 7,700 கிலோ வரைக்கும் ஏத்தலாம், ஒரு டயருக்கு 3,850. இங்க அதிகமா ஓடுற 315/80 ஆர் 22.5 டயர்ல எடைக் குறியீடு 156ன்னு போட்டிருந்தா அது தாங்குறது 4,000 கிலோ. மிச்சம் வெறும் 150 கிலோதான், காத்து கொஞ்சம் குறைஞ்சா அந்த மிச்சமும் போச்சு.

நாம இடது பக்கம் ஓட்டுற நாடு, அதனால இடது முன் டயர் போனா ரோட்டோரத்து மஞ்சள் கோட்டுப் பக்கம் இழுக்கும், வலது போனா பக்கத்து லேனுக்கு இழுக்கும். என்3ல நடுவுல தடுப்பாவது இருக்கு. என்2ல முட்டுபட்டூபா தாண்டி வடக்க போனா ஒத்தை ரோடு, எதிர்ல வர்றவன் மேலதான் போய் விழும். அந்த ரோட்டுல ஓட்டப் போறீங்கன்னா வலது முன் டயரை இன்னும் ஒரு தடவை பாருங்க.

டிரைவ் ஆக்சில்ல ஒரு டயர் வெடிச்சா ஒரு சத்தம், பின்பக்கம் கொஞ்சம் ஆட்டம், அவ்வளவுதான், பக்கத்து டயர் தாங்கிக்கும். ஆனா ஈரமான ரோட்டுல வளைவுல போனா பின்பக்கம் வழுக்கப் பார்க்கும், அதுக்கும் மருந்து அதேதான், பிரேக் வேண்டாம், ஸ்டியரிங்கை வேகமாத் திருப்ப வேண்டாம். ட்ரெய்லர் டயர் போனா பல தடவை டிரைவருக்குத் தெரியவே தெரியாது, பின்னாடி வர்றவன் லைட் போட்டுக் காட்டினாத்தான் தெரியும். பரவாயில்லன்னு நினைக்காதீங்க, கிழிஞ்ச ரப்பர் சுத்தி சுத்தி அடிச்சு பிரேக்கோட ஏர் பைப்பை அறுத்துச்சுன்னா காத்து இறங்கி ஸ்ப்ரிங் பிரேக் தானா பிடிச்சிடும், ரோடு நடுவுல.

எல்லாத்தையும்விட நான் பயப்படுறது வெடிப்பை இல்ல, அதுக்கு அடுத்து டிரைவர் பண்ற ரெண்டாவது காரியத்தை. இடது பக்கம் இழுத்துச்சு, பதறி வலது பக்கம் முழு பலத்தோட திருப்புறார். காத்து இல்லாத டயர் முதல்ல சரியாத் திரும்பாது, அதனால இன்னும் திருப்புறார், வேகம் குறையக் குறைய அந்த இழுப்பு குறைஞ்சிடும், ஆனா திருப்பின திருப்பு அப்படியே இருக்கும், வண்டி பாய்ஞ்சு வலது பக்கம் போயிடும். உயரமா லோடு ஏத்தின லாரி கவிழுறதுக்கு ஒரு கார் கவிழ வேண்டிய பக்கவாட்டு விசையில பாதிகூட வேண்டாம். இன்டர்லிங்க்னா ஹார்ஸ் ஒரு அடி ஆடினா கடைசி ட்ரெய்லர் அதைவிடப் பெருசா ஆடும், டேங்கர் பாதி நிறைஞ்சு இருந்தா உள்ள இருக்கிற எண்ணெயும் சேர்ந்து ஆடும். அதனால தேவையான அளவு மட்டும் எதிர்ப்பக்கம் பிடிங்க, இழுப்பு குறையறப்ப நீங்களும் அதே அளவு விட்டுக்கிட்டே வாங்க.

அய்யா, கரும்பு ஏத்துற ரெண்டு வண்டி வச்சிருக்கேன். எங்க பையனுங்க தினம் காலைல இரும்புக் கம்பியால எல்லா டயரையும் தட்டிப் பார்த்துத்தான் எடுக்குறாங்க. அப்படியும் ஒரு வருஷத்துக்குள்ள பின் டயர் பல தடவை போயிடுச்சு, ஒரு தடவை நெருப்பே பிடிச்சிருச்சு. டயர் கடைக்காரன் ரோடு சரியில்லங்கிறான். (டோங்காட் வாசகர்)

ரோடும் ஒரு காரணமா இருக்கலாம்யா, கரும்புத் தோட்டத்து மண் ரோட்டுல கல்லும் கட்டையும் டயரோட சுவரைக் கிழிக்கும். ஆனா நீங்க எழுதினதைப் படிச்சா எனக்கு சந்தேகம் ரெட்டை டயர்ல உள்பக்கத்து டயர் மேல.

கம்பியால தட்டுனா சுத்தமா காத்து போன டயர்தான் தெரியும். காத்தழுத்தம் 800 கிலோபாஸ்கல் இருக்க வேண்டிய டயர்ல 600 இருந்தா தட்டுற சத்தத்துல வித்தியாசம் காதுக்குப் பிடிபடாது. 20 சதவீதத்துக்கு மேல குறைஞ்ச டயரை காத்தே இல்லாம ஓடின டயர் கணக்குலதான் வைக்கணும், அதாவது 800க்கு 640க்குக் கீழ இறங்கியிருந்தா அதைக் கழட்டி உள்ள பார்க்காம காத்து அடிச்சு ஓட்டக் கூடாது. உள்பக்கத்து டயரோட வால்வு கைக்கு எட்டாது, அதனால பையனுங்க வெளிய இருக்கிறதை மட்டும் பார்த்துட்டு விட்டுடுவாங்க. வால்வுக்கு ஒரு நல்ல எக்ஸ்டென்ஷன் வாங்கி மாட்டுங்க, ஆளுக்கு ஒரு காத்து பார்க்கிற கேஜ் வாங்கிக் கொடுங்க, அந்தச் செலவு ஒரு டயர் விலைக்குப் பக்கத்துலகூட வராது.

இப்ப கணக்கைப் பாருங்க. ரெட்டை டயர் போட்ட ஒரு ஆக்சில்ல 9,000 கிலோ, நாலு டயர், ஆளுக்கு 2,250. ஒண்ணு போச்சுன்னா பக்கத்துல இருக்கிறது ரெண்டு பேர் தூக்கின மூட்டையை ஒருத்தன் தலையில வச்ச மாதிரி 4,500 வரைக்கும் சுமக்கணும். ரெட்டையா ஓடுற இடத்துல மேல சொன்ன 315/80 டயருக்கு எழுதியிருக்கிற அளவு 3,350தான். பக்கத்து ஆக்சில் கொஞ்சம் பங்கு எடுத்துக்கும், ஆனாலும் இது ரொம்ப தூரம் தாங்காது, அடுத்து இதுவும் போகும். உங்களுக்குப் பல தடவை போயிருக்கே, அதுல சிலது ஜோடி ஜோடியாப் போயிருக்கும்னு நினைக்கிறேன், பில்லை எடுத்துப் பாருங்க.

நெருப்பு எப்படி வருதுன்னா, காத்து குறைஞ்ச டயரோட சுவர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடங்கல் எல்லாம் சூடா மாறும், பக்கத்து டயரோட உரசும், ரப்பர் உள்ளுக்குள்ளயே கருகும். ஓடுறப்ப வெளிக்காத்து பட்டு கொஞ்சம் அடங்கி இருக்கும், நிறுத்தினப்புறம்தான் தீயா வரும். பவுடர் அடிச்சா தீ அணைஞ்ச மாதிரி இருந்து மறுபடி பிடிக்கும், ஏன்னா சூடு உள்ளேயே இருக்கு, நிறைய தண்ணி ஊத்திக் குளிர வைக்கணும். அந்த நேரத்துல டயரோட பக்கவாட்டுல யாரையும் நிக்க விடாதீங்க, வெடிச்சா அந்தப் பக்கம்தான் வெடிக்கும்.

இன்னொண்ணு, இதை உங்க பையனுங்களுக்குக் கண்டிப்பா சொல்லணும். காத்து குறைவா ஓடின டயரோட சுவர்ல உள்ள இருக்கிற எஃகுக் கம்பி ஒண்ணொண்ணா அறுந்து போயிருக்கும், வெளிய பார்த்தா தெரியாது. அதுல மறுபடி காத்து அடிக்கிறப்ப சுவர் நீளமாக் கிழிஞ்சு வெடிக்கும், பக்கத்துல குனிஞ்சு காத்து அடிக்கிறவன் உயிர் போகும். இரும்புக் கூண்டுக்குள்ள வச்சு, நீளமான ஹோஸ் போட்டு, தள்ளி நின்னுதான் அடிக்கணும். கூண்டு இல்லாத கடையில அந்த வேலையைச் செய்ய விடாதீங்க.

மாமா, வருஷா வருஷம் ஈஸ்டர் வெள்ளிக்கிழமை இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்கு லெனேசியால இருந்து கார்ல வர்றோம். பிள்ளைங்களோட லாரியைத் தாண்டுறப்ப டயர் வெடிச்சிருமோன்னு எனக்கு நெஞ்சு படபடன்னு அடிக்கும். ரோட்டுல கிடக்கிற டயர் துண்டு வேற. (ஒரு வாசகி)

பயப்படாம வாம்மா, ஆனா கவனமா வா. லாரிக்குப் பக்கத்துல, அதுவும் ட்ரெய்லர் சக்கரத்துக்கு நேரா, கூடவே ஓடாதே. முன்னாடி இடம் இருக்கான்னு பார்த்துட்டு பின்னாடியே காத்திரு, இடம் கிடைச்சதும் தயங்காம தாண்டிப் போயிடு. வெடிக்கிற டயரோட காத்து அடியே ஜன்னல் கண்ணாடியை உடைக்கும், அதோட ரப்பர் துண்டும் பறக்கும். லாரி சக்கரத்துல புகையோ கருகல் வாசனையோ வந்தா தள்ளிப் போய் டிரைவருக்கு லைட் போட்டுக் காட்டு, அவருக்குத் தெரியாம இருக்கலாம்.

ரோட்டுல துண்டு கிடந்தா அதுக்குள்ள எஃகுக் கம்பி இருக்கும், ஏறினா காரோட அடிப்பாகம் அடி வாங்கும். ஆனா 120ல போறப்ப படக்குனு ஸ்டியரிங்கை ஒடிக்கிறது அதைவிட ஆபத்து. முன்னாடி போற வண்டிக்கு நல்லா இடைவெளி விட்டா துண்டு தூரத்துலயே கண்ணுக்குத் தெரியும், மெதுவா நகர்ந்து போயிடலாம். உன் கார் நின்னுபோய் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓரம் கட்டினா பிள்ளைங்களை கார்ல உக்கார வைக்காதே, எல்லாரும் இறங்கி தடுப்புக் கம்பிக்கு அந்தாண்ட போயிடுங்க. இடது முன் டயர் வெடிச்ச லாரி இழுபட்டு வர்றது அந்த ஓரத்துக்குத்தான்.

ரீட்ரெட் டயர் (தேய்ஞ்ச டயர்ல புது ரப்பர் ஒட்டினது)தானே எல்லாத்துக்கும் காரணம்? தடை பண்ணினா என்ன? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

ரோட்டுல கிடக்கிற துண்டு புது டயர்ல இருந்தும் வரும், ரீட்ரெட்ல இருந்தும் வரும். காத்து குறைஞ்சு சூடானா ரெண்டும் கழண்டு போகும். நல்ல கடையில சரியான கேஸிங் (பழைய டயரோட உடம்பு) பார்த்து ஒட்டின ரீட்ரெட் ட்ரெய்லர்ல ஒழுங்கா உழைக்கும். ஸ்டியரிங் ஆக்சில்ல மட்டும் நான் போட விடமாட்டேன், அது என் பிடிவாதம்னே வச்சிக்கோங்க. ட்ரெட் (டயர் மேல இருக்கிற வெட்டு) ஆழம் சட்டத்துக்கு 1 மில்லிமீட்டர் போதும், லாரி முன் டயருக்கு அது ரொம்ப ரொம்பக் கம்மி.

வான் ரீனென் பாஸ் (என்3 மலைப்பாதை) இறங்கினப்புறம் டயர் பிரஷர் பார்த்தா எக்கச்சக்கமா காட்டுது. கொஞ்சம் காத்தை இறக்கி விடலாமா? அங்க இறங்குறப்பதான் டயர் அதிகமா வெடிக்குதுன்னு சொல்றாங்களே? (லேடிஸ்மித் வாசகர், டிரைவர்)

இறக்கவே இறக்காதீங்க தம்பி. காலைல குளிர்ந்த டயர்ல 800 இருந்ததுன்னா ஓடி சூடானப்புறம் 900க்கு மேல காட்டுறது இயல்பு, டயர் செய்யறவன் அதையும் கணக்குப் பண்ணித்தான் செஞ்சிருக்கான். சூட்டுல இறக்கினா ராத்திரி குளிர்ந்தப்புறம் குறைஞ்சு போயிடும், மறுநாள் அந்தக் குறைஞ்ச காத்தோடதான் ஓடுவீங்க, இன்னும் சூடாகும். காத்து பார்க்கிறது வண்டி எடுக்கிறதுக்கு முன்னாடி, குளிர்ந்த டயர்ல மட்டும். ஒரு டயர் மட்டும் மத்ததைவிட ரொம்பக் கூட காட்டினா அதோட பிரேக் ஒட்டிக்கிட்டு இருக்கா, பேரிங் போச்சான்னு பாருங்க.

வான் ரீனென் உச்சி கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,680 மீட்டர். உச்சியில இருந்து நேட்டால் பக்கம் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்கினா டிரம் கொதிக்கும், அந்தச் சூடு ரிம்முக்குப் போகும், ரிம்ல இருந்து டயரோட விளிம்புக்குப் போகும், அந்த விளிம்புதான் டயரை ரிம்ல பிடிச்சு வச்சிருக்கிற இடம். முன்னாடியே காத்து குறைஞ்சு நொந்துபோன டயர் அங்க போகும். அதனால மேலயே கியரைக் குறைச்சு, எக்ஸாஸ்ட் பிரேக்கை நம்பி இறங்குங்க. 2013ல பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில்ல 20க்கு மேல உயிர் போச்சே, அது டயர் இல்ல, பிரேக் பிடிக்காம வந்த லாரி, ஆனா இறக்கத்துல சூட்டை மதிக்கணும்னு நம்ம டர்பன்காரங்களுக்கு யாரும் இனிமே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல.

வெடிச்சப்புறம் பத்திரமா ஓரம் கட்டியாச்சு. அடுத்து? (நியூகாசில் வாசகர்)

ஹசார்ட் லைட் போடுங்க, ரோட்டுப் பக்கம் இறங்காதீங்க. முக்கோணத்தைக் குறைஞ்சது 45 மீட்டர் பின்னாடி வைக்கச் சொல்லுது சட்டம், இறக்கத்துலயும் வளைவுலயும் அதைவிடத் தள்ளி வைங்க. சூடான டயருக்குப் பக்கத்துல உடனே குனியாதீங்க, முன்னாடி இருந்தோ பின்னாடி இருந்தோ பாருங்க, ஏர் பைப், ஏபிஎஸ் வயர் அறுந்திருக்கான்னு பார்த்துக்கோங்க. ரெட்டை டயர்ல ஒண்ணு வெடிச்சிருந்தா, வெடிக்காத அந்தப் பக்கத்து டயரையும் கழட்டி உள்ள பார்க்கச் சொல்லுங்க, அது எவ்வளவு தூரம் ஒத்தையா சுமந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது. ஸ்பேர் வீல் மாட்டி 50 கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி நட்டை மறுபடி இறுக்கிடுங்க.